பிள்ளை ஐசியூவில் சேரணும் என்கிறாள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "பாப்பா ஐசியூல சேரணும்ங்கிறாம்மா" என்று சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஏய்யா, பிள்ளைக்கு என்னாச்சு?" என்று நடுங்கும் குரலில் கேட்டாள். ஆஸ்பத்திரி இல்லை, அது ஒரு யுனிவர்சிட்டியின் பேர் என்று புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆனது.

முழுப் பெயர் இன்டர்நேஷனல் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி. தோக்கியோவின் மேற்குப் பக்கம், மிதாகா நகரத்தில் இருக்கிறது. ஜப்பான்காரர்களும் சுருக்கமாக ஐசியூ என்றுதான் சொல்வார்கள். இளநிலையில் சுமார் 3,000 மாணவர்கள். பொறியியல் கிடையாது, மருத்துவம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு கல்லூரி, லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி.

நாங்கள் நிஷிகசாயில் குடியிருக்கிறோம். மகள் பன்னிரண்டாவது. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். அதனால் கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் என்று நான் மனசுக்குள் முடிவே செய்து வைத்திருந்தேன். அவளோ, "எனக்குக் கணக்கும் பிடிக்கும், மொழிகளும் பிடிக்கும். இப்பவே ஏன்ப்பா ஒண்ணைத் தூக்கிப் போடணும்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் வராத கேள்வி வந்தால் நான் செய்வது ஒன்றுதான்: நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படிப்பது. அப்படிப் படித்ததன் சுருக்கம் இந்தப் பதிவு. இதே குழப்பத்தில் இருக்கும் வேறு அப்பா அம்மாக்களுக்கும் உதவலாம்.

ஐந்து நிமிஷத்தில் எடுத்த முடிவு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பொறியியல் கவுன்சிலிங்குக்காக அப்பாவோடு சென்னை போனேன். பிளஸ் டூ மார்க்கையும் நுழைவுத்தேர்வு மார்க்கையும் கூட்டி ஒரு கட்-ஆஃப். எனக்குக் கிடைக்கிற கல்லூரியில் மெக்கானிக்கலும் இசிஇயும் மீதி இருந்தன. வரிசையில் முன்னால் நின்றவர் "இசிஇ எடுங்க சார், ஸ்கோப் இருக்கு" என்று அப்பாவிடம் சொன்னார். எடுத்தோம். உள்ளே போய் வெளியே வர ஐந்து நிமிஷம். நான்கு வருஷம் ஆன்டெனாவும் அலைவழியும் படித்தேன். வேலை சாஃப்ட்வேரில் கிடைத்தது. இந்த இருபது வருஷத்தில் ஆன்டெனாப் பாடம் எனக்கு ஒரு நாளும் தேவைப்படவில்லை.

இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை, வாழ்க்கை நன்றாகத்தான் போகிறது. ஆனால் 'முதலிலேயே துறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதை தெளிவாகிவிடும்' என்று மகளிடம் வாதாடப் போனபோது, அதற்கு எதிரான முதல் சாட்சி நானே என்பது உறைத்தது.

லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கலைப்படிப்பா?

தமிழில் இதைக் 'கலைக் கல்லூரி' என்று மொழிபெயர்த்தால் பிஏ படிப்பு நினைவுக்கு வரும். அது சரியல்ல. ஐரோப்பாவின் இடைக்காலத்தில் ஏழு பாடங்களை லிபரல் ஆர்ட்ஸ் என்றார்கள்: இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி, எண்கணிதம், வடிவியல், இசை, வானவியல். பாதிக்குப் பாதி கணக்கு! ஒரு தொழிலுக்குத் தயார் செய்வதற்கு முன்னால், சுதந்திரமான மனிதனுக்கு வேண்டிய பொது அறிவையும் யோசிக்கும் பழக்கத்தையும் கொடுப்பதுதான் அதன் எண்ணம்.

இந்த எண்ணத்தை நிறுவனமாக வளர்த்ததில் அமெரிக்காவின் சின்னச் சின்னக் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றில் பல, சபைகள் போதகர்களை உருவாக்குவதற்காகத் தொடங்கியவை. அப்படி ஒன்றான ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1870இல் பட்டம் வாங்கியவர் நீஜிமா ஜோ என்ற ஜப்பானியர். ஊர் திரும்பி 1875இல் கியோத்தோவில் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய தோஷிஷா பல்கலைக்கழகம். இன்று அங்கே 25,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். ஜப்பானின் பழைய கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் பல இப்படித்தான் பெரிதாகி, துறை துறையாகப் பிரிந்துவிட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்த கல்விச் சீர்திருத்தத்தில், எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் முதல் இரண்டு வருஷம் பொதுக்கல்வி என்று அமெரிக்கப் பாணியில் ஒரு ஏற்பாடு வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் அதை ஒரு சடங்காகவே பார்த்தார்கள். 1991இல் அரசு விதிகளைத் தளர்த்தியதும் பெரும்பாலான இடங்களில் அதற்கென்று இருந்த தனிப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. தோக்கியோ பல்கலைக்கழகம் கொமாபா வளாகத்தில் அதைத் தக்கவைத்துக்கொண்டது. ஐசியூவுக்கோ கலைக்க எதுவும் இல்லை. பொதுக்கல்விதான் அதன் உடம்பே.

குண்டுவீச்சு விமானம் வரைந்த கட்டடம்

இந்த இடத்தின் வரலாறு நான் எதிர்பார்த்ததைவிடச் சுவாரசியமாக இருந்தது.

போர் முடிந்ததும், அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரத்தில் ஜான் மெக்லீன் என்ற போதகர் ஒரு யோசனை சொன்னார். ஜப்பான்மேல் அணுகுண்டு போட்ட நாட்டின் சபைகள், நல்லிணக்கத்தின் அடையாளமாக அங்கே ஒரு பல்கலைக்கழகம் கட்டப் பணம் திரட்டவேண்டும் என்பது யோசனை. ஐசியூ வாசலிலிருந்து உள்ளே போகும், இருபுறமும் செர்ரி மரங்கள் நிற்கிற நீளமான சாலைக்கு இன்று அவர் பெயர்தான். அமெரிக்காவில் நடந்த நிதி திரட்டலுக்கு ஜெனரல் மெக்கார்தர் கௌரவத் தலைவர்.

ஜப்பான் பக்கத்தில் நிதி திரட்டலை முன்னின்று நடத்தியவர் அப்போதைய பேங்க் ஆஃப் ஜப்பானின் கவர்னர் இச்சிமாதா ஹிசாதோ. அவர் கிறிஸ்தவர் அல்ல. நிலம் வாங்குவதற்காகப் போரில் நொறுங்கிப்போன ஒரு நாட்டிலிருந்து 15 கோடி யென்னுக்கு மேல் திரண்டது. கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள் இல்லை. அமெரிக்காவில் திரண்டது எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பெரிய பல்கலைக்கழகக் கனவு சுருங்கி, ஒற்றைக் கல்லூரியாகத் தொடங்கியது. இந்த இடம் இவ்வளவு சின்னதாக இருப்பதற்குக் கொள்கை ஒரு காரணம் என்றால், பணத் தட்டுப்பாடு இன்னொரு காரணம்.

1949இல் நிறுவப்பட்டு, 1953 ஏப்ரலில் நான்காண்டுக் கல்லூரியாகத் திறந்தது. வாங்கிய இடம் நகாஜிமா விமானக் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையம். பசிபிக்கைக் கடந்து அமெரிக்காவின்மேல் குண்டு போடுவதற்காக 'ஃபுகாகு' என்று ஆறு என்ஜின் விமானம் ஒன்றைத் திட்டமிட்டார்களே (கடைசிவரை அது காகிதத்திலேயே நின்றுவிட்டது), அந்த வேலை நடந்த இடங்களில் இதுவும் ஒன்று. அதே கட்டடத்தை வோரிஸ் என்ற கட்டடக் கலைஞர் மாற்றியமைக்க, அது வகுப்பறைகள் உள்ள முதன்மைக் கட்டடம் ஆனது. இன்றும் அங்கே பாடம் நடக்கிறது.

முதல் தலைவர் யுவாசா ஹாச்சிரோ, பூச்சியியல் விஞ்ஞானி. போருக்கு முன்னால் தோஷிஷாவின் தலைவராக இருந்து, ராணுவவாதிகளின் நெருக்கடியால் 1937இல் பதவி விலகியவர். அடுத்த வருஷம் அவர் போன இடத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: நம்ம தாம்பரம்! 1938 டிசம்பரில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்கு வந்த ஜப்பானியப் பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். அந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கிருந்து அமெரிக்கா போனவர், போர் முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

எழுபதுகளில் பணக் கஷ்டம் வந்தபோது, ஐசியூ தன் நிலத்தில் இருந்த கோல்ஃப் மைதானத்தைத் தோக்கியோ மாநகர அரசுக்கு விற்றது. இன்றைய நோகாவா பூங்கா அதுதான். இத்தனை வருஷமாக அந்தப் புல்வெளியில் பாய் விரித்துப் புளியோதரை சாப்பிட்டிருக்கிறோம், அதன் கதை தெரியாமலே.

உள்ளே என்ன நடக்கிறது?

சேரும்போது யாரும் துறை கேட்பதில்லை. எல்லோரும் ஒரே கல்லூரியின் மாணவர்கள். மொத்தம் 31 மேஜர்கள்: இயற்பியல், கணிதம், தகவல் அறிவியல், மொழியியல், பொருளாதாரம், இசை, சட்டம், அமைதி ஆய்வுகள் என்று நீளும். இரண்டாம் வருஷத்தின் கடைசியில்தான் மேஜரை அறிவிக்கவேண்டும். ஒன்று எடுக்கலாம், இரண்டை இணையாக எடுக்கலாம், அல்லது ஒன்றைப் பெரிதாகவும் இன்னொன்றைச் சிறிதாகவும் எடுக்கலாம். இந்த முறை 2008இல் வந்தது. அதற்கு முன் இங்கேயும் மாணவர்கள் ஆறு பிரிவுகளில் ஒன்றில்தான் சேர்ந்தார்கள்.

சாஃப்ட்வேர்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு முடிவை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளி, போதுமான தகவல் கைக்கு வந்தபின் எடுப்பது. டிசைனில் இதை நல்ல பழக்கம் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பதினேழு வயசுப் பிள்ளையிடம் மட்டும் உடனே முடிவு கேட்கிறேன்.

ஆனால் தள்ளிப்போடுவது வேறு, சும்மா இருப்பது வேறு. ஆண்டுக்கு மூன்று பருவம். ஒவ்வொன்றும் சுமார் பத்து வாரம் என்பதால் சேர்ந்த சூட்டோடு தேர்வு வந்துவிடும். ஏப்ரலில் சேரும் ஜப்பானிய மாணவர்களுக்கு முதல் வருஷத்தின் பெரும்பகுதி ஆங்கிலப் பயிற்சியிலேயே போகும். அது ஸ்போக்கன் இங்கிலீஷ் இல்லை. ஒரு கட்டுரையைப் படித்து, எழுதியவர் எதை நிரூபித்தார், எதைச் சும்மா சொல்லிவிட்டுப் போனார் என்று பிரித்துப் பார்த்து, எதிர்வாதம் எழுதும் பயிற்சி. செப்டம்பரில் சேர்கிறவர்களுக்கு அதேபோல ஜப்பானிய மொழிப் பயிற்சி. பாடங்கள் இரண்டு மொழியிலும் நடக்கின்றன. கடைசி வருஷம் எல்லோரும் ஒரு ஆய்வேடு எழுதியே ஆகவேண்டும், எந்த மேஜராக இருந்தாலும்.

பொது நுழைவுத்தேர்வில் ஒரு பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. தேர்வு அறையில் சுமார் 15 நிமிஷம் ஒரு சொற்பொழிவு ஒலிபரப்புவார்கள். அதைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதன்மேல் கேள்விகளுக்குப் பதில் எழுதவேண்டும். எதைப் பற்றிய பேச்சு என்று முன்கூட்டித் தெரியாது. மனப்பாடம் செய்து போக வழியே இல்லை. நான் எழுதிய நுழைவுத்தேர்வை நினைத்துக்கொண்டேன். அதில் பாதி, வேகமாகக் கட்டம் கறுப்பாக்கும் திறமை!

கோடையில் நடந்த ஓபன் கேம்பஸுக்கு நானும் மகளும் போனோம். நிஷிகசாயில் தோசாய் லைனில் ஏறினால் சில வண்டிகள் நேராக மிதாகா வரை போகும். வளாகத்தைச் சுற்றிக்காட்டிய மூன்றாமாண்டு மாணவி, இயற்பியல் படிக்க வந்தவள், இப்போது மொழியியலில் இருக்கிறாளாம். "அப்படியானால் இரண்டு வருஷம் வீண்தானே?" என்று கேட்டுவிட்டேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, பேச்சொலியை அளக்கும்போது அலைகளைப் பற்றிப் படித்ததுதான் கைகொடுக்கிறது என்றாள். அலைவழி படித்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

'கிறிஸ்டியன்' என்ற நடுச்சொல்

சொந்தக்காரர்கள் முதலில் கேட்ட கேள்வி இதுதான். "மதம் மாத்திருவாங்களா தம்பி?" என்று ஊரிலிருந்து பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெயரிலேயே இருக்கிறதே.

கிடைத்த விவரங்கள் இவை. முழுநேர ஆசிரியர்கள் கிறிஸ்தவர்களாக இருக்கவேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே ஐசியூவின் கொள்கை. மாணவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஜப்பான் மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் சுமார் ஒரு சதவீதம்தான், மாணவர்களிலும் அவர்கள் சிறுபான்மையே. கிறிஸ்தவ அறிமுகம் என்று ஒரு பாடம் எல்லோருக்கும் கட்டாயம். அது மதபோதனை இல்லை, மற்றப் பாடங்களைப் போலவே படித்து, கேள்வி கேட்டு, தேர்வு எழுதும் பாடம். வளாகத்தின் நடுவில் தேவாலயம் இருக்கிறது, வழிபாட்டுக்கு வரச்சொல்லிக் கட்டாயம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் பெரிய இறையியலாளர் எமில் புருன்னர் 1953இலிருந்து இரண்டு வருஷம் இங்கே வந்து பாடம் எடுத்திருக்கிறார். அதே வளாகத்தில் இருக்கும் அருங்காட்சியகத்தில் யுவாசா சேர்த்த நாட்டுப்புறக் கைவினைப் பொருட்கள் இருக்கின்றன.

என்னை அதிகம் தொட்டது வேறொன்று. சேரும் ஒவ்வொரு மாணவரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும். அது விசுவாசப் பிரமாணம் இல்லை. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் கொள்கைகளை மதித்து நடப்பேன் என்ற உறுதிமொழி. 1948 டிசம்பரில் ஐநா ஏற்ற பிரகடனம் அது. 1953இல் சேர்ந்த முதல் அணியிலிருந்து இந்த வழக்கம் தொடர்கிறது. மதத்துக்காகப் பதில் சொல்லாமல், மனிதனுக்காகப் பதில் சொல்லும்படி ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைக் கேட்கிறது.

இதையெல்லாம் பெரியப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவே வேலையை முடித்துவிட்டாள். "நான் சாரா டக்கர்ல படிச்சவதான? காலைல ஜெபம், பாட்டு எல்லாம் உண்டு. இன்னைக்கும் அந்தப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகாம இருந்திருக்கேனா? அவங்க சொல்லிக் குடுத்தாங்க, நான் பத்தாவது தாண்டுனேன், உங்கப்பாவுக்குக் கடுதாசி எழுதுனேன். அவ்வளவுதான்" என்று பெரியப்பாவிடமே சொல்லிவிட்டாளாம். பாளையங்கோட்டையில் வளர்ந்துவிட்டு இந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்ட நானும்தான் அசடு.

யாருக்கு இது சரிவராது?

நல்லதை மட்டும் எழுதினால் விளம்பரம் ஆகிவிடும்.

மருத்துவர், கட்டுமானப் பொறியாளர் என்று குறி வைத்திருக்கும் பிள்ளைக்கு இது இடமில்லை. அந்தப் படிப்புகளே இங்கே கிடையாது. சோதனைக்கூடத்தில் பெரிய கருவிகளோடு வேலை செய்யவேண்டும் என்ற ஆசை இருந்தால் பெரிய தேசியப் பல்கலைக்கழகங்கள்தான் வசதி.

பணமும் ஒரு விஷயம். தேசியப் பல்கலைக்கழகங்களின் நிலையான ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென். ஐசியூவில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உதவித்தொகைகள் உண்டு, ஆனால் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போட முடியாது.

வேலை? இங்கேதான் நம் ஊர்க் கணக்கு ஜப்பானில் செல்லாது. ஜப்பானியப் பெரிய கம்பெனிகள் கடைசி வருஷ மாணவர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஏப்ரலில் வேலைக்குச் சேர்த்து, தாங்களே பயிற்சி கொடுப்பது பழைய வழக்கம். தொழில்நுட்ப வேலைகளைத் தவிர்த்தால், எந்தத் துறையில் படித்தாய் என்பதற்குப் பெரிய முக்கியத்துவம் கிடையாது. எங்கள் கம்பெனியில் என் பக்கத்தில் புரோகிராம் எழுதுகிற ஜப்பானியர் படித்தது பிரெஞ்சு இலக்கியம். ஆனால் நாளைக்கே இந்தியாவுக்குத் திரும்பினால்? நம் ஊர் ஹெச்ஆரின் பட்டியலில் பிஇ, பிடெக் என்று கட்டம் போட்டிருக்குமே. அந்தப் பயம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

கடைசியாக ஒன்று. எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்பது சில பிள்ளைகளுக்குச் சுதந்திரம், சில பிள்ளைகளுக்குச் சுமை. யாரும் வழி சொல்லாவிட்டால் திணறுகிற பிள்ளையா, கொண்டாடுகிற பிள்ளையா என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

இப்போதைய நிலவரம்

ஓபன் கேம்பஸ் முடிந்து மிதாகா ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, அன்னைக்குக் கவுன்சிலிங்ல உங்களுக்கு ரெண்டு வருஷம் டைம் குடுத்திருந்தா என்ன எடுத்திருப்பீங்க?"

"வரலாறு" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"அதான் சனி ஞாயிறெல்லாம் உக்காந்து படிச்சிட்டிருக்கீங்க" என்றாள்.

செப்டம்பர் சேர்க்கைக்கு ஐசியூவுக்கு விண்ணப்பிப்பது என்றும், கூடவே கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு வேறு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பிப்பது என்றும் பேசி முடித்திருக்கிறோம். இரண்டாவது என் பயத்துக்காக, அவளும் அதற்குச் சம்மதித்தாள். எல்லா இடத்திலும் இடம் கிடைத்தால் முடிவு அவளுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். போட்டுக் கொடுத்துவிட்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் தொங்குகிறது.

அம்மா மட்டும் இன்னும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். "அந்த மிதாகா காலேஜ்" என்றுதான் சொல்வாளாம். பேத்தியின் பெயரோடு ஐசியூ என்ற சொல் வாயில் வரக்கூடாதாம்.